தசைக்குள் ஒளிந்திருந்த எரிபொருளைக் கண்டறிந்த சுப்பாராவ்

மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியிலுள்ள சிகிரியாக் குன்றில் ஏறுவோர் ஏறத்தாழ 1,200 படிகளைக் கடக்க வேண்டும். அடிவாரத்தில் நிற்கும்போது அது ஒரு பெரிய காரியமாகத் தோன்றுவதில்லை. முதற் சில படிகளைச் சிறுவர்கள் ஓடியே கடந்து விடுகின்றனர். மூச்சு வாங்குவதில்லை, கால்கள் வலிப்பதில்லை. அதற்குப் பின்னரே தொடைகள் கனக்கத் தொடங்குகின்றன. சிறிது நேரத்தில் நெஞ்சு படபடக்கின்றது. சிங்கப் பாதத்தை அடைவதற்குள் பலர் அமர்ந்து விடுகின்றனர்.

அந்த முதற் சில படிகள் ஏன் இலகுவாக இருக்கின்றன? மூச்சு விரைவடைவதற்கு முன்னரே, இதயம் வேகமெடுப்பதற்கு முன்னரே, கால்களை உயர்த்தும் வலு எங்கிருந்து வருகின்றது? நாம் இக்கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதில்லை. எல்கடுவையிலும் இரத்தோட்டையிலும் கொழுந்துக் கூடையைச் சுமந்து மலைச்சரிவில் ஏறியிறங்கும் பெண்களும் கேட்டதில்லை. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்து சேர்ந்த அவர்களது முன்னோருக்குக் கேட்க அவகாசமும் இருந்ததில்லை. வழியிலேயே மடிந்தோர் பலர். மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880ஆம் ஆண்டில் ஆகும். அதற்கு முன்னர் இம்மாவட்டத்தின் தோட்டங்களைத் திறந்தவை மனிதத் தசைகளே.

இக்கேள்விக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர், சென்னையில் கல்வி கற்று அமெரிக்காவில் மறைந்த ஒரு மருத்துவர். எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது அவரது பெயர். உயிர் இரசாயனவியல் கற்றோர் அப்பெயரை ஓர் ஆய்வு முறையின் பெயராக அறிந்திருப்பர். ஏனையோரில் பெரும்பாலானோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் அவர் தலைமையில் உருவான மருந்துகளுள் ஏதேனுமொன்று தீண்டாத குடும்பம் நம்மிடையே அரிது என்பதே நமது எண்ணம்.

1895 ஜனவரி 12ஆம் திகதி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் சுப்பாராவ் பிறந்தார். குடும்பத்தில் வறுமை இருந்தது. தந்தை ஜகந்நாதம் நோயினால் வேலையை விட்டு விலகிப் பின்னர் மறைந்தார். தாய் வெங்கம்மாவோ மகன் படித்தே ஆகவேண்டும் என்பதில் இரும்பு போல் உறுதியாக இருந்தார். மெட்ரிகுலேசன் பரீட்சையில் சுப்பாராவ் இரு தடவைகள் தோல்வியுற்றார். மூன்றாவது தடவையே, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தோற்றிச் சித்தியடைந்தார். சாதாரண தரத்தில் ஒரு தடவை தவறிய பிள்ளையைக் கடையில் வேலைக்கு அனுப்பத் துடிக்கும் பெற்றோர் வெங்கம்மாவைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்த அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். செலவை ஏற்க நண்பர்களும், பின்னர் அவருக்குப் பெண் கொடுத்த கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் முன்வந்தனர். அது காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் ஒலித்த காலம். சத்திரசிகிச்சைக் கூடத்திற்குள் கதராடை அணிந்து சென்ற மாணவர் சுப்பாராவை ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளில் அவர் திறமையாகவே செய்திருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே வழங்கப்பட்டது. அரச மருத்துவ சேவைக்குள் நுழைய எடுத்த முயற்சியும் கைகூடாமற் போயிற்று. ஆகவே, சென்னையில் வைத்தியர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராக அமர்ந்தார்.

இதற்கிடையில் குடும்பத்தில் பேரிடி ஒன்று விழுந்திருந்தது. அவரது சகோதரர் இருவர் சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்து மாண்டனர். இருவரையும் கொண்டு சென்றது 'ஸ்புரூ' எனப்படும் வெப்பவலய நோய் ஆகும். உண்ட உணவின் சத்தைக் குடல் உறிஞ்ச மறுக்க, ஓயாத வயிற்றுப்போக்கும் இரத்தச்சோகையுமாக உடல் உருகிப் போகும் கொடிய நோய் அது. அன்றைய மேலை மருத்துவத்திடம் அதற்கு மருந்து இருக்கவில்லை. சுப்பாராவின் பிற்காலத் தேடல்களுக்கெல்லாம் வித்து அவ்விரு மரணங்களிலேயே விழுந்தது எனலாம்.

மாமனாரின் உதவியோடும், காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்ம நிதியத்தின் ஆதரவோடும் 1922 ஒக்டோபர் 26ஆம் திகதி அவர் பொஸ்டன் நகரை அடைந்தார். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் வெப்பவலய மருத்துவம் பயிலுவதே நோக்கம். சில ஆண்டுகளில் திரும்பி விடுவதாகக் கூறி மனைவி சேஷகிரியிடம் விடைபெற்றிருந்தார். அவர் திரும்பவேயில்லை. அவர் சென்ற பின்னர் பிறந்த ஆண் குழந்தை கைக்குழந்தையாகவே இறந்தது. தந்தை அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் அவரது மருத்துவச் சான்றிதழுக்கு மதிப்பிருக்கவில்லை. வைத்தியசாலையொன்றில் இரவு நேர உதவியாளராக, நோயாளரின் மலசலத் தட்டுகளைச் சுத்தம் செய்து பிழைத்தார். பகலில் படிப்பு. வெப்பவலய மருத்துவ டிப்ளோமாவைப் பெற்றதும் ஹாவர்ட் மருத்துவ பீடத்தின் உயிர் இரசாயனவியல் பிரிவில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் கீழ் ஆராய்ச்சியில் இறங்கினார்.

குருதியிலும் சிறுநீரிலும் பொசுபரசு எவ்வளவு இருக்கின்றது என அளக்கும் இலகுவானதொரு வழியைக் கண்டுபிடிப்பதே அவருக்குக் கிடைத்த முதற்பணி. கேட்பதற்குச் சிறு விடயம் போலிருக்கும். இரசாயனக் கரைசல்களைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும், நிறத்தின் செறிவைக் கொண்டு பொசுபரசின் அளவைக் கணிக்கலாம் என்ற அம்முறை 1925ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்ற பெயரில் பல தலைமுறை மாணவர்கள் அதனை ஆய்வுகூடங்களில் செய்து பழகினர்.

இந்த முறையைத் தசைக்குப் பயன்படுத்தியபோதுதான் புதிர் ஒன்று எழுந்தது. பூனையின் தசையிலிருந்து எடுத்த சாற்றில் நீல நிறம் உடனே முழுமையாகத் தோன்றவில்லை. மெல்ல மெல்ல, நிமிடக்கணக்கில் ஏறிக்கொண்டே சென்றது. வேறொருவராயிருந்தால் கரைசலில் ஏதோ பிழை என்று கொட்டி விட்டுப் புதிதாகத் தொடங்கியிருப்பார். இவர்களோ அந்தத் தாமதம் ஏன் என்று கேட்டனர். தசையில் இதுவரை எவரும் அறியாத, எளிதில் உடையக்கூடிய ஒரு பொருளில் பொசுபேற்று பிணைந்திருக்கின்றது, சோதனைக் குழாயில் அது சிறிது சிறிதாக உடைவதாலேயே நிறமும் சிறிது சிறிதாக ஏறுகின்றது என்பது தெரியவந்தது. அப்பொருளே பொஸ்போகிரியேற்றின். 1927ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியாயிற்று. அதே காலப்பகுதியில் இலண்டனில் எகில்டன் தம்பதியரும் இப்பொருளின் தடயத்தைக் கண்டிருந்தனர். ஆயினும் அது பொசுபேற்றும் கிரியேற்றினும் இணைந்த சேர்வை என்று இனங்கண்டவர்கள் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் ஆவர்.

தசையைத் தூண்டிச் சுருங்கச் செய்தபோது இப்பொருள் குறைந்தது. ஓய்வு கொடுத்தபோது மீண்டும் நிறைந்தது. தசையின் வேலைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சாட்சி வேறென்ன வேண்டும்?

இதன் பெறுமதியை உணர அன்றைய அறிவுலகம் நின்ற இடத்தை நாம் அறிதல் வேண்டும். சர்க்கரைப் பொருள் சிதைந்து இலற்றிக் அமிலமாகும் போதே தசை சுருங்குகின்றது என்பது அப்போதைய முடிந்த முடிபு. தசையின் வெப்பத்தை அளந்த ஆங்கிலேயர் ஏ.வி. ஹில்லுக்கும், அமிலத்தின் கணக்கைத் தீர்த்த ஜேர்மனியர் ஒட்டோ மேயர்ஹோஃபுக்கும் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு வழங்கப்பட்டிருந்தது. பரிசின் மை உலர்வதற்குள் அக்கோட்பாட்டின் அத்திவாரம் ஆடிற்று. இலற்றிக் அமிலம் உண்டாகாதவாறு நஞ்சூட்டப்பட்ட தசையும் சுருங்கத்தான் செய்கின்றது, அப்போது பொஸ்போகிரியேற்றினே செலவாகின்றது என 1930ஆம் ஆண்டில் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட் நிறுவினார். தமது கோட்பாடு வீழ்ந்ததை ஹில் மறைக்கவில்லை. தசையியலில் புரட்சி நேர்ந்து விட்டதென 1932ஆம் ஆண்டில் அவரே கட்டுரை எழுதினார். விஞ்ஞானிக்கு அழகு அது.

1929ஆம் ஆண்டில் அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு வந்தது. தசையிலிருந்து அடினோசீன் முப்பொசுபேற்று, அதாவது இன்று பாடசாலை மாணவர் சுருக்கமாக ஏ.ரி.பீ. என்று கூறும் பொருளை, ஃபிஸ்க்கும் சுப்பாராவும் பிரித்தெடுத்தனர். ஜேர்மனியில் மேயர்ஹோஃபின் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கார்ல் லோமன் அதனைத் தனியாகக் கண்டறிந்து சில வாரங்கள் முந்தியே வெளியிட்டிருந்தார். பாடநூல்கள் பெரும்பாலும் லோமனின் பெயரோடு நின்று விடுவதற்கு அதுவே காரணம். இருதரப்பும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே வாசலைத் திறந்தன என்பதே உண்மை. எனினும் ஒரு தரப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது நியாயமாகாது.

இப்போது சிகிரியாப் படிகளுக்கு வருவோம். தசையில் ஆயத்தமாக இருக்கும் ஏ.ரி.பீ. ஓரிரு விநாடிகளுக்கே போதும். அது உடைந்து வலுவைத் தந்தவுடன், பொஸ்போகிரியேற்றின் தன்னிடமுள்ள பொசுபேற்றைக் கொடுத்து அதனை மீண்டும் உருவாக்குகின்றது. இந்தக் கைமாற்று ஏறத்தாழப் பத்து விநாடிகள் தாங்கும். நூறு மீற்றர் ஓட்டவீரர் பெரும்பாலும் இதனைக் கொண்டே ஓடி முடிக்கின்றார். அதற்குப் பின்னர் சர்க்கரைச் சிதைவும், மூச்சும் குருதியும் கொண்டு வரும் ஒட்சிசனும் பொறுப்பேற்கின்றன. முதற் சில படிகளில் மூச்சு வாங்காமைக்கும் பின்னர் நெஞ்சு அடித்துக்கொள்வதற்கும் விளக்கம் இதுவே. உடற்பயிற்சி நிலையங்களுக்குச் செல்லும் நமது இளைஞர்கள் டப்பாக்களில் வாங்கிக் கரைத்துக் குடிக்கும் கிரியேற்றின் மாவும் இந்தச் சேமிப்பைப் பெருக்குவதற்கானதே. சுப்பாராவின் பெயர் அந்த டப்பாக்களில் இருப்பதில்லை.

காலுக்கு ஓய்வுண்டு, இதயத்திற்கு ஓய்வில்லை. ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் தடவை துடிக்கும் இதயத்தசை தன்னிடமுள்ள ஏ.ரி.பீ.யை மட்டும் நம்பியிருந்தால் சில விநாடிகளில் நின்று விடும். ஒரு நாளைக்குக் கிலோகிராம் கணக்கில் அது ஏ.ரி.பீ.யை உடைத்து, உடைத்ததையே மீண்டும் கட்டிக்கொண்டிருக்கின்றது. பலவீனமடைந்த இதயங்களில் பொஸ்போகிரியேற்றினின் விகிதம் குறைந்திருப்பதை இன்று காந்தப்புலக் கருவிகளால் நெஞ்சைக் கிழிக்காமலே அளக்கின்றனர். மாரடைப்பில் தசை இறக்கும்போது, பொஸ்போகிரியேற்றினைக் கையாளும் நொதியம் குருதியில் கசிகின்றது. மாரடைப்பா வெறும் வாயுத் தொல்லையா என்ற ஐயத்தைத் தீர்க்க நீண்ட காலம் வைத்தியர்கள் பார்த்தது அந்நொதியத்தின் அளவையே. இப்போது அவ்விடத்தைத் துரோபோனின் பரிசோதனை பிடித்துள்ளது.

இவ்விடத்தில் இன்னொருவரையும் நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. இதயத்தின் வலது அறையிலிருந்து இடது அறைக்குச் சுவரினூடாகக் குருதி கசிகின்றது என்ற பண்டைய கிரேக்கக் கருத்தை மறுத்து, அது நுரையீரலுக்குச் சென்றே திரும்புகின்றது என 13ஆம் நூற்றாண்டில் எழுதியவர் டமஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் 1288ஆம் ஆண்டில் மறைந்த இப்னு அந்நஃபீஸ். அவரது கையெழுத்துப் பிரதி பேர்லின் நூலகத்தில் உறங்கிக் கிடந்தது. எகிப்திய மருத்துவர் முஹியுத்தீன் அத்ததாவி 1924ஆம் ஆண்டில் தமது ஆய்வேட்டின் மூலம் அதனை உலகறியச் செய்தார். அதாவது சுப்பாராவ் பொஸ்டனில் நீல நிறக் கரைசல்களோடு போராடிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஆகும். அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒருவரது பெயர் அலமாரிக்குள் கிடக்க முடியுமென்றால், சுப்பாராவின் பெயர் மறைந்ததில் வியப்பென்ன?

1930ஆம் ஆண்டில் ஹாவர்ட் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. நிரந்தரப் பதவியை வழங்கவில்லை. பத்தாண்டுகள் காத்திருந்தும் பயனில்லை. அவர் பிரித்தெடுத்த வேறு சில சேர்வைகள் பற்றிய ஆய்வுகள் ஃபிஸ்க்கின் தயக்கத்தால் வெளிவராமலே போயின, பின்னாளில் பிறர் அவற்றைப் புதிதாகக் கண்டறிய நேர்ந்தது என அத்துறையின் பெரியவர்கள் பிற்காலத்தில் குறிப்பிட்டுள்ளனர். பழியை ஃபிஸ்க்கின் தலையில் மட்டும் சுமத்துவது சரியென நாம் கருதவில்லை. சுப்பாராவும் தமது பங்கைக் கேட்டு வாங்கும் இயல்பினர் அல்லர். புகைப்படக்காரரைக் கண்டால் ஒதுங்குபவர், மேடையைக் கண்டால் விலகுபவர். அடக்கம் ஒரு நற்குணமே. ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது.

நாடும் அவரை முழுமையாக ஏற்கவில்லை. அவர் வந்திறங்கிய சில மாதங்களில், 1923ஆம் ஆண்டில், இந்தியர் அமெரிக்கக் குடியுரிமைக்கு உரியவரல்லர் என அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்கதவு 1946ஆம் ஆண்டிலேயே திறந்தது. தமது ஆராய்ச்சி வாழ்க்கையின் பெரும்பகுதியை அவர் ஓர் அந்நியராகவே கழித்தார்.

1940ஆம் ஆண்டில் ஹாவர்டை விட்டு, நியூயோர்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, பின்னர் அதன் ஆராய்ச்சிப் பணிப்பாளரானார். எஞ்சியிருந்த எட்டு ஆண்டுகளில் நடந்தவை ஒரு தனி மனிதரின் ஆயுளுக்குள் அடங்குமா என்றே ஐயம் எழுகின்றது. முதலாவது போலிக் அமிலம். பம்பாயில் நெசவாலைப் பெண்களின் கர்ப்பகால இரத்தச்சோகையை மார்மைட் கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர் 1931ஆம் ஆண்டில் காட்டியிருந்தார். அதனுள் இருந்த மறைபொருளைத் தனித்தெடுத்துச் செயற்கையாக உருவாக்கியது சுப்பாராவின் குழு. 1945ஆம் ஆண்டளவில் அது கைக்கு வந்தது. ஸ்புரூ நோயாளர் அதனால் தேறினர். சகோதரர் இருவரைக் கொன்ற நோய்க்கு, கால் நூற்றாண்டு கழித்து அண்ணன் தம்பியரில் எஞ்சியவரின் குழுவே மருந்து செய்தது. மாத்தளையின் தாய்சேய் கிளினிக்குகளில் இன்று கர்ப்பிணிகளின் கையில் வைக்கப்படும் சிறு மாத்திரை அதுவே.

அந்த அமிலத்தின் வடிவத்தைச் சற்று மாற்றியபோது எதிர்மாறான மருந்து பிறந்தது. உயிரணுக்கள் பெருகுவதை அது தடுத்தது. லெடர்லேயில் உருவான அமினோப்டெரின் என்ற அம்மருந்தை, பொஸ்டனில் சிட்னி ஃபாபர் இரத்தப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த 16 சிறுவர்களுக்குக் கொடுத்தார். அவர்களில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூனில் அச்செய்தி வெளியானபோது பல மருத்துவர்கள் நம்ப மறுத்தனர். அதுவரை அந்நோய் ஒரு மரண தண்டனையாகவே இருந்தது. அதன் உடன்பிறப்பான மெதொட்ரெக்சேற் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்திற்கும் வழங்கப்படுகின்றது.

யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான் 1947ஆம் ஆண்டில் வந்தது. இலங்கையின் மேல், தென், வடமேல் மாகாணங்களில் அந்நோய் வேரூன்றியிருந்தது. மாத்தளை அவ்வலயத்தில் சேரவில்லை, அயலிலுள்ள குருநாகல் சேர்ந்திருந்தது. இம்மருந்தை 2002 முதல் 2006 வரை ஆண்டுதோறும் அல்பென்டசோலுடன் சேர்த்து மக்களுக்கு வழங்கிய பின்னர், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து யானைக்கால் நோய் இலங்கையில் ஒழிக்கப்பட்டதாக 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. முதலாவது டெட்ராசைக்கிளினான ஓரியோமைசினும் அவரது நிர்வாகத்திலேயே, பெஞ்சமின் டகர் என்ற முதிய தாவரவியலாளரின் கையால் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது.

அது 1948 ஜூலையில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஓகஸ்ட் மாதம் 9ஆம் திகதி காலை சுப்பாராவ் படுக்கையில் இறந்து கிடந்தார். வயது 53. மாரடைப்பு. தசைக்கும் இதயத்திற்கும் எரிபொருள் எதுவென்று கண்டறிந்தவரின் இதயம் உறக்கத்திலேயே நின்று போயிருந்தது. இந்தியா சுதந்திரம் பெற்று ஓராண்டு கூட நிறைவடையவில்லை. கதருக்காகப் பட்டத்தை இழந்த அவர் சுதந்திர இந்தியாவின் மண்ணை மிதித்ததில்லை. இருபத்தாறு ஆண்டுகளாகக் காத்திருந்த சேஷகிரிக்குக் கிடைத்தது அவரது மரணச் செய்தி மட்டுமே.

அவரது நூற்றாண்டையொட்டி 1995ஆம் ஆண்டில் இந்தியா ஒரு முத்திரையை வெளியிட்டது. அதற்கு வெகு முன்னரே, 1953ஆம் ஆண்டில், லெடர்லேயின் விஞ்ஞானி ஒருவர் கழிவுநீர் வடிகட்டிகளில் வளரும் ஒரு பூஞ்சண இனத்திற்குச் சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டிருந்தார். நுண்ணோக்கிக்குக் கீழேயன்றி எவர் கண்ணிலும் படாத அப்பூஞ்சணத்தின் பெயர் அதுவாகவே இருக்கின்றது.